கரி போடாத தோட்டம்

2024 ஜூன் 12, புதன்

சீட்டு குலுக்கினார்கள். ராம்குமார் பேர் வந்தது.

எழுதிப் பார்த்தால் ரொம்பச் சின்ன விஷயமாகத்தான் தெரிகிறது. ஆனால் மத்தியானச் சோற்றைத் தொடாமல் மூடி வைத்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியிலிருந்து வேதமணி மேடம் வந்திருந்தார். மண் ஆராய்ச்சி செய்கிறவர். கூடவே மாணவர்கள். என் தோட்டத்துக்கும் ராம்குமார் தோட்டத்துக்கும் நடுவில் கிடக்கிற வரப்பில் நின்று விளக்கிச் சொன்னார். இரண்டு தோட்டத்து மண்ணிலும் ஈயம் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு தோட்டத்தில் அவர்கள் தயாரித்த கரியைப் போடுவார்கள். அடுப்புக் கரி இல்லை. தேங்காய்ச் சிரட்டையை இரும்பு உப்புக் கரைசலில் ஊறப்போட்டு, காற்றுப் புகாமல் சுட்டு, கழுவிக் காயவைத்த கரி. மண்ணில் இருக்கிற ஈயத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். பயிருக்குள் ஏற விடாதாம். இன்னொரு தோட்டத்தில் ஒன்றும் போட மாட்டார்கள். இரண்டிலும் ஒரே விதை, ஒரே தண்ணீர், ஒரே உரம். அறுக்கும்போது வித்தியாசம் பார்ப்பார்கள்.

“ஒண்ணும் போடாத தோட்டமும் எங்களுக்கு அதே அளவு முக்கியம் சார். அதுக்குப் பேரு கண்ட்ரோல்” என்றார் மேடம்.

“ரெண்டுலயும் போட்டா என்ன மேடம்?”

“கீரையில ஈயம் குறைஞ்சது கரியாலயா மழையாலயான்னு பொறவு எப்படித் தெரியும்? இது வேலை செய்யுதுன்னு ஆச்சுன்னா அடுத்த கட்டத்துல மொதல்ல உங்க தோட்டம்தான்.”

யாருக்குக் கரி என்பதை அவர்கள் தீர்மானிக்கக் கூடாதாம். அதனால் சீட்டு. எடுத்தது என் மகள் ஆஷிகா. ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பிரித்துப் படித்துவிட்டு “ராம்குமார் மாமா!” என்று கத்திக்கொண்டு அவனிடமே ஓடினாள்.

யார்மேலும் கோபப்பட முடியாதபடி பண்ணிவிட்டார்கள். அதுதான் பெரிய கோபமாக இருக்கிறது.

ஜூன் 13

இந்தத் தளவாய்புரத்தில் அந்த ஷெட்டை மூட வைத்தது யார்? நான்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தார்கள். புகை எங்கள் இரண்டு பேர் தோட்டத்தின் மேல்தான் படியும். தாலுகா ஆபீஸ், மாசு வாரியம், கலெக்டரின் திங்கட்கிழமைக் கூட்டம் என்று அலைந்தது நான். ராம்குமார் கையெழுத்துப் போடவே பயந்தான். “பெரிய ஆளுங்கலே, நமக்கெதுக்கு” என்றான். ஆஷிகாவுக்கு ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவனும் போட்டான்.

ஷெட் போய்விட்டது. ஈயம் மண்ணில் இருந்துகொண்டது. ராஜபாளையம் மார்க்கெட்டில் எங்கள் கீரையை யாரும் தொடுவதில்லை. காய்கறி போட்டுப் பிழைக்கலாம் என்று மில் வேலையை விட்டுவிட்டு வந்தவன், மறுபடி அதே மில்லில் தற்காலிக ஃபிட்டராக நிற்கிறேன். மேடத்தைத் தேடிப் போய்க் கூட்டி வந்ததும் நான்தான்.

கரி மட்டும் அவனுக்கு.

ஜூன் 16, ஞாயிறு

வேதக் கோயில் ஆராதனையில் பத்துக் கற்பனைகளை வாசித்தார்கள். ‘பிறனுக்குள்ள யாதொன்றையும் இச்சியாதிருப்பாயாக’ என்ற கடைசிக் கற்பனைக்கு வந்தபோது என் பெண்டாட்டி அக்சா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஜூலை 9

கரி வந்துவிட்டது. மினி லாரி நிறைய மூட்டை.

மண்ணில் கொட்டிப் பரப்பி, ரொட்டவேட்டர் விட்டுக் கலந்தார்கள். எங்கள் மண் கரிசல், தானே கறுப்புதான். ஆனாலும் இன்றைக்கு அவன் தோட்டம் வேறு கறுப்பாக இருந்தது, எண்ணெய் தடவிய தலை மாதிரி. ராம்குமார் கை, முகம், பல் எல்லாம் கரி. சிரித்துக்கொண்டே வரப்புக்கு வந்தான்.

“பென்சா, கரியில மின்னல் மாதிரி என்னமோ மினுங்குது, வந்து பாரேன்.”

“மில்லுக்கு நேரமாச்சு” என்றேன்.

நேரம் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 11

யூடியூப்காரன் ஒருவன் கேமராவோடு வந்தான். ‘விஷ மண்ணை மீட்கும் விவசாயி’யாம். விவசாயி யார் என்றால் ராம்குமார். கையில் கரியை அள்ளி விரலிடுக்கில் வழியவிடச் சொன்னார்கள். அவனும் வெட்கப்பட்டுக்கொண்டே செய்தான். அவன் பெண்டாட்டி மாரிச்செல்வி புதுச் சேலை கட்டிக்கொண்டு பின்னால் நின்றாள்.

நான் என் தோட்டத்து மோட்டார் ரூம் பக்கம் நின்றேன். கேமராக்காரன் கையை ஆட்டினான். என்னையும் கூப்பிடுகிறான் என்று நினைத்து ரெண்டு எட்டு வைத்தேன்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க. ஃப்ரேம்ல விழுதீங்க.”

தள்ளிக்கொண்டேன்.

ஜூலை 12

அந்த வீடியோவைப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். ஷெட்டை மூட வைத்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் சொல்லியிருக்கலாமே? சொன்னானோ, வெட்டிவிட்டார்களோ. கேட்கவும் முடியாது. கேட்டால் நான் பார்த்தது தெரிந்துவிடும்.

ஜூலை 21

ஒரு மூட்டை கருவேலங்கரி வாங்கி வந்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கரி மூட்டம் போடுகிற ஆளிடம் வாங்கியது. வெறும் கரி, இரும்பும் கிடையாது ஒன்றும் கிடையாது. இருந்தாலும் கரி கரிதானே?

அக்சா பார்த்துவிட்டாள். “இதை எங்க போடப் போறீங்க?”

“வரப்போரமா.”

“ஒண்ணும் போடக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்கள்ல?”

“போடப் போறேன்னு யார் சொன்னா? சும்மா இருக்கட்டும்.”

“வரப்போரம்னா எந்த வரப்பு?”

மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினேன். ராம்குமார் பக்கத்து வரப்புதான். அவன் வந்து நின்று பார்க்கும்போது என் மண்ணும் கறுப்பாக மினுங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. வேறு யோசனையே எனக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 7

ஆடிப்பூரம். ராம்குமார் குடும்பத்தோடு தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டான். “தோட்டத்தை ஒரு பார்வை பாத்துக்கோ பென்சா” என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான்! இவனுக்கு என்னைப் பற்றி ஒன்றுமே தெரியாதா? அல்லது எல்லாம் தெரிந்துதான் கொடுக்கிறானா?

மத்தியானம் அவன் தோட்டத்துச் சாமான் ஷெட்டைத் திறந்தேன். மிச்சக் கரி மூட்டைகள் ஓரமாக அடுக்கியிருந்தன. ரெண்டாவது தடவை போடுவதற்காக மேடம் விட்டுவைத்தது. ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். லேசாக, சொரசொரப்பாக, குளிர்ந்து இருந்தது. முழங்கை வரைக்கும் விட்டுக்கொண்டு நின்றேன். செத்த நேரம் நின்றிருப்பேன்.

எடுக்கவில்லை. கட்டிவிட்டு வந்துவிட்டேன். நல்லவன் என்பதால் இல்லை. எடுத்தால் என் தோட்டம் கண்ட்ரோலாக இருக்காது, அப்போது அவன் தோட்டம் எவ்வளவு நன்றாக ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது. அது எனக்குப் பிடித்த யோசனைதான். ஆனால் அடுத்த கட்டத்தில் எனக்குத்தான் என்று மேடம் சொல்லியிருக்கிறாரே. அதற்காகத்தான் எடுக்கவில்லை.

கை கழுவினேன். நகக்கண்ணில் இருந்த கரி போகவே இல்லை.

ஆகஸ்ட் 19

சாயர்புரத்தில் அக்சா அக்கா பேரனுக்கு ஞானஸ்நானம். எல்லாருமாகப் போய்விட்டு இன்றைக்குத்தான் வந்தோம்.

வந்து பார்த்தால் தோட்டத்தில் வீட்டை ஒட்டியிருக்கிற துண்டு நிலம் மட்டும் கொத்திப் புரட்டிக் கிடக்கிறது. ராம்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“காட்டுப்பன்னிலே. மலையிலேர்ந்து இறங்கியிருக்கு.”

“உன் தோட்டத்துல ஒண்ணும் பண்ணலியே?”

“அதென்னமோ... கரி வாடை பிடிக்கல போல” என்று சொல்லிவிட்டு வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

பன்றிக்குக்கூட என் தோட்டம்தான் கண்ணில் படுகிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இரண்டு தோட்டத்திலும் தண்டங்கீரை விதைத்தாயிற்று. ஒரே பையிலிருந்து எடுத்த விதை. மாணவி ஒருத்தி வந்து நின்று பார்த்துப் போனாள்.

செப்டம்பர் 8

அவனுடையது நன்றாக முளைத்திருக்கிறது. என்னுடையதும்தான். அவனுடையது கொஞ்சம் அதிகப் பச்சை. அக்சா “ரெண்டும் ஒண்ணுதாங்க” என்கிறாள். அவளுக்குக் கண் சரியில்லை.

செப்டம்பர் 21

இன்றைக்கு ஒரு கெட்ட காரியம் நினைத்தேன். எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

அவன் தோட்டத்தில் கரி வேலை செய்யாமல் போக வேண்டும். அதுதான் நினைத்தது. ரிசல்ட் வந்து மேடம் முகம் தொங்க வேண்டும், ராம்குமார் முகம் தொங்க வேண்டும், ரெண்டு தோட்டமும் ஒரே மாதிரி விஷமாகக் கிடக்க வேண்டும்.

அப்படி ஆனால் என் மண்ணுக்கும் வழி இல்லை. அது தெரிந்தேதான் நினைத்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் அதே நினைப்பில் நின்றேன். தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போனது.

என்ன மனுசன்டா நீ?

அக்டோபர் 5

கீரையை அறுத்தார்கள். தின்பதற்கு இல்லை, எல்லாம் பரிசோதனைக்கு. தோட்டத்தில் அங்கங்கே இடம் குறித்து, தனித்தனிப் பையில் போட்டு, பெயர் எழுதி எடுத்துப் போனார்கள். மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்தோம். நானும் ராம்குமாரும்தான் தோண்டினோம். பேசிக்கொள்ளவில்லை. நான் பேசவில்லை. அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான்.

அக்டோபர் 19

மில்லில் டபுள் ஷிப்ட். கால் வலி.

நவம்பர் 6

இதை இன்றைக்கே எழுத வேண்டும்.

காலையில் மேடம் போன் பண்ணி ரெண்டு குடும்பத்தையும் தோட்டத்தில் இருக்கச் சொன்னார். குரல் சரியில்லை. வந்ததும் முதலில் நல்ல செய்தி சொன்னார். ராம்குமார் தோட்டத்துக் கீரையில் ஈயம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இன்னும் ஒரு தடவை கரி போட்டால் தின்கிற அளவுக்கு வந்துவிடலாம். மாரிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் காலடியில் கிடந்த மண்கட்டியை மிதித்து உடைத்தேன்.

“பென்சன் சார் தோட்டத்துல ஈயம் அப்படியே இருக்கு. எதிர்பார்த்ததுதான். ஆனா ஒரு எடத்துல மட்டும் இல்ல” என்றார்.

வீட்டை ஒட்டிய அந்தத் துண்டு. அங்கே அறுத்த கீரையில் மட்டும் ஈயம் ராம்குமார் தோட்டத்து அளவுக்கே குறைந்திருக்கிறது.

மேடம் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். அந்தத் துண்டில் குனிந்து காய்ந்த மண்ணை உதிர்த்து, காந்தத்தை அதில் புரட்டினார். தூக்கியபோது கறுப்புக் குருணைகள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன.

“இது எங்க கரி. இரும்பு ஏத்தினதால காந்தத்துல ஒட்டுது. வேற கரி ஒட்டாது.” மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்த கருவேலங்கரி மூட்டையையும் பார்த்துவிட்டார். அதிலும் காந்தத்தை வைத்தார். ஒன்றும் ஒட்டவில்லை. “ராம்குமார் சார் ஷெட்ல ரெண்டு மூட்டை குறையுது. யார் எடுத்ததுன்னு தெரியணும். வருசம் பூராவும் பாத்த வேலை சார் இது. போட்டது யாரோ அவிய தோட்டம் திட்டத்துல இருக்க முடியாது. எங்க கமிட்டி விடாது.”

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். சாவி என்னிடம் இருந்த நாள், நான் வாங்கி வைத்த மூட்டை, என் தோட்டம். வேறு யாரைப் பார்ப்பார்கள்? அக்சாகூட என்னைத்தான் பார்த்தாள்.

எனக்குக் கொதித்தது. எடுக்காதவனைப் போய்! வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் ராம்குமார் முகத்தைப் பார்த்தேன்.

பன்றி.

மலையிலிருந்து இறங்கிய பன்றி இவன்தான்.

“மேடம், அது வந்து...” என்று அவன் ஓர் எட்டு முன்னால் வைத்தான். மாரிச்செல்வி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

“நான்தான் மேடம் போட்டேன்” என்றேன்.

என் வாய்தான் சொன்னது. மேடம் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. காந்தத்தில் ஒட்டியிருந்த குருணையைத் தட்டிவிட்டு, “உங்களை நம்பித்தானே சார் இந்த ஊருக்குள்ளயே வந்தேன்” என்றார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நவம்பர் 7

நேற்று மிச்சத்தை எழுத முடியவில்லை.

மேடம் போனதும் ராம்குமார் என் கையைப் பிடித்து மோட்டார் ரூம் பக்கம் இழுத்துப் போனான்.

“ஏலே, எதுக்குலே அப்படிச் சொன்ன?”

“நீ எதுக்குலே போட்ட?”

“பாப்பா அங்கனதான உக்காந்து மண்ணைக் கெளறிட்டுக் கெடக்கும். டாக்டர் என்ன சொன்னாலும் கேக்குதா? என் தோட்டம் பூராவும் கரியப் போட்டுக்கிட்டு, அதைத் தெனம் பாத்துக்கிட்டு எப்படிலே சும்மா இருக்க? ரெண்டு மூட்டைதான. அந்தத் துண்டுலயும் போயி அளப்பாகன்னு எனக்கென்ன தெரியும்?”

மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பிள்ளை. ஒரு மூட்டைக் கரி வாங்கி வைத்துக்கொண்டு எந்த வரப்பில் போட்டால் ராம்குமார் கண்ணில் படும் என்று யோசித்தவன் நான். பிள்ளை உட்கார்ந்து விளையாடுகிற இடம் எனக்கு ஞாபகமே வரவில்லை. அவனுக்கு வந்திருக்கிறது.

இதிலும் அவன்தான் முந்திக்கொண்டான்.

அக்சா ராத்திரிச் சாப்பாடு போடும்போது சொன்னாள், “மாரிச்செல்வி எல்லாத்தையும் சொல்லிட்டா. அவிய தோட்டம் போயிடக் கூடாதுன்னு நீங்க பழியை ஏத்துக்கிட்டீங்க. எம்புட்டுப் பெரிய மனசு.”

பெரிய மனசா? அவளிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். எல்லார் முன்னாடியும் அவன் ‘பிள்ளைக்காகப் போட்டேன்’ என்று சொல்லி நல்லவனாக நிற்கப் போனான். கரி அவனுக்கு, வீடியோ அவனுக்கு, கீரை அவனுக்கு. இந்த நல்ல பேரும் அவனுக்கா? என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அதனால்தான் குறுக்கே விழுந்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. மழை.

நவம்பர் 16

ராம்குமார் போன வாரமே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் மேடத்திடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்! சொல்லக் கூடாது, சொன்னால் உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று அத்தனை தடவை சொல்லியும்.

என் பொய்யைக்கூட என்னிடம் விட்டுவைக்க மாட்டானா?

சாயங்காலம் மேடம் போன் பண்ணினார். எடுத்ததும், “ரெண்டு பேரும் சேந்து என்ன கூத்துய்யா பண்ணுதீங்க?” என்றார். முதல் தடவையாக என்னை ‘சார்’ போடாமல் பேசினார். “ஒருத்தர் கரியப் போட்டுட்டுப் பன்னிங்கறீங்க. ஒருத்தர் போடாமலே போட்டேங்கறீங்க. நான் யாரை நம்பி எழுத?”

“மன்னிச்சிருங்க மேடம்.”

பிறகு மேடம் விஷயத்துக்கு வந்தார். அந்தத் துண்டின் கணக்கை மட்டும் விட்டுவிடுவார்கள், மிச்ச ரிசல்ட் செல்லும். நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதிவிட்டாராம். ராம்குமார் தோட்டத்தை நிறுத்தினால் முதல் தடவை போட்ட கரியும் வீணாகும் என்று கமிட்டியிடம் மன்றாடி, அதைத் தொடர அனுமதி வாங்கியிருக்கிறார். ஆனால் ரெண்டு பேரும் பொய் சொன்னதால் அடுத்த கட்டம் எனக்கு இல்லை. தளவாய்புரத்துக்கே இல்லை. வத்திராயிருப்புப் பக்கம் கான்சாபுரத்தில் ஒரு தோட்டத்துக்குப் போகிறது.

கான்சாபுரத்து அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை. அவன் பேர்கூடத் தெரியாது. இப்போதே வயிறு எரிகிறது.

நவம்பர் 17

ராம்குமாரிடம் பேசவில்லை.

நவம்பர் 30

பேசவில்லை. அவன் வந்து மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனான். அவன் விட்டுப் போன வெற்றிலைப் பாக்கெட்டை ஆஷிகாவிடம் கொடுத்தனுப்பினேன்.

டிசம்பர் 14

மேடம் தன் சொந்தக் காரில் வந்தார். மாணவர்கள் இல்லை.

“திட்டத்துலதான் உங்களுக்கு இடம் இல்ல. செய்முறையைச் சொல்லித் தரக் கூடாதுன்னு யாரும் சொல்லல” என்றார். பாயில் உட்கார்ந்து அக்சா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். சிரட்டையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, டிரம்முக்குள் டிரம் வைத்து எப்படிச் சுடுவது, அமிலம் போகிற வரைக்கும் ஏன் கழுவ வேண்டும், கையுறை எதற்கு. ராம்குமாரும் வந்து வாசலில் நின்று கேட்டான். மேடம் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒண்ணு சொல்லிடுதேன். கரி போட்டா ஈயம் காணாமப் போயிடாது. மண்ணுலயேதான் இருக்கும். அதனால ஒவ்வொரு வெள்ளாமைக்கும் கீரையை எடுத்துட்டு வாங்க, நான் அளந்து தாரேன். நல்லா வந்திருச்சுன்னு நீங்களா முடிவு பண்ணக் கூடாது.”

ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் “சரி மேடம்” என்றோம். ஒரு மாசத்துக்குப் பிறகு அவனும் நானும் சேர்ந்து பேசிய வார்த்தை.

2025 ஜனவரி 19, ஞாயிறு

முதல் டிரம் போச்சு. மூடி இடுக்கில் காற்றுப் புகுந்து சிரட்டை பூராவும் சாம்பல். ராம்குமார் மண்ணைக் குழைத்து அப்பியிருந்தான்.

“மண்ணு அப்பினா வெடிக்கும்லே. தள்ளு” என்றேன். மில்லிலிருந்து இடுக்கை அடைக்கிற பழைய கேஸ்கட் கயிறு வாங்கி வந்து மூடிக்குள் பதித்து, போல்ட் போட்டு இறுக்கினேன். ரெண்டாவது டிரம்மில் சிரட்டை உருவம் கெடாமல் கறுப்பாக, தட்டினால் கணீரென்று வந்தது. அவன் ஒன்றை எடுத்துக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு இது வராதுலே” என்றான்.

ஆமாம், வராது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் வெட்கம்.

பிப்ரவரி 23

என் தோட்டத்தில் பாதிக்குக் கரி போட்டாயிற்று. மிச்சத்துக்குச் சிரட்டை சேர்க்க வேண்டும். மாரிச்செல்வி கல்யாண மண்டபங்களில் சொல்லி வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 12

ஆஷிகாவுக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குறைந்திருக்கிறது. டாக்டர் காரணங்கள் சொன்னார்: ஷெட் இல்லை, கீரை இல்லை, கை கழுவுகிறாள், சத்து மாத்திரை. அந்தத் துண்டு நிலத்தைப் பற்றி நான்தான் கேட்டேன். “அதுவும் கொஞ்சம் உதவியிருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது” என்றார்.

வீட்டுக்கு வந்து ராம்குமாரிடம் “குறைஞ்சிருச்சு” என்று மட்டும் சொன்னேன். அவன் ஆஷிகாவைத் தூக்கித் தலைக்கு மேல் சுற்றினான். அவள் இன்னும் அவனிடம்தான் முதலில் ஓடுகிறாள். அது இன்னும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

ஜூன் 3

ரெண்டாம் தடவை கரி போட்ட பிறகு ராம்குமார் தோட்டத்துக் கீரை இந்த வெள்ளாமையிலும் பாஸ். விற்கலாம் என்று மேடம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

என்னுடையது குறைந்திருக்கிறது. ஆனால் விற்கிற அளவுக்கு இல்லை. இன்னும் ஒரு தடவை போட வேண்டும்.

அவன் வந்து “உனக்கும் அடுத்த தடவை வந்திரும்லே” என்றான். ‘போலே’ என்றேன் மனசுக்குள். வாயால் “வரும்” என்றேன்.

ஜூலை 8

ராம்குமாருக்கு நாலு நாளாகக் காய்ச்சல். எழுந்திருக்கவே முடியவில்லை. கீரை அறுக்கிற பதத்தில் நின்றது. விட்டால் முற்றிவிடும். மாரிச்செல்வி நேற்று வந்து வாசலில் நின்றாள். “அண்ணே...” என்றாள். மேற்கொண்டு கேட்கவில்லை.

அக்சாவும் அவளும் அறுத்துக் கட்டினார்கள். இன்றைக்குக் காலையில் நான் டிவிஎஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் மார்க்கெட்டுக்குப் போனேன். சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பக்கத்துக் கடை வெள்ளைத்தாய் அக்கா என்னைப் பார்த்ததும், “தளவாய்புரம்தான நீ? அந்த ஈயக் கீரையா?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். வாங்கக் குனிந்த ஒரு பெண் நிமிர்ந்துவிட்டாள்.

மேடம் கொடுத்த பேப்பரைக் காட்டினேன். யார் படிக்கிறார்கள்? கரி போட்ட கதையைச் சொன்னேன். ஷெட், காந்தம், டிரம், எல்லாவற்றையும் சொன்னேன். ரெண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள். “நீங்க திம்பீங்களா இதை?” என்றாள் அந்தப் பெண்.

ஒரு கட்டிலிருந்து இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். பச்சைத் தண்டங்கீரை. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் மண் வாசனை. நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளைத்தாய் அக்கா ஒரு கட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். “யாரு தோட்டத்துக் கீரை இது?”

ராம்குமார் பேர் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருக்கலாம்.

“எங்க தோட்டம்க்கா” என்றேன்.

எட்டரைக்கெல்லாம் சாக்கு காலி. வருகிற வழியில் அவனுக்குக் காய்ச்சல் மாத்திரையும் ரெண்டு இளநீரும் வாங்கிக்கொண்டு வந்தேன். படுத்தபடியே “வித்துச்சாலே?” என்றான்.

“வித்துச்சு. மூஞ்சியத் தொடச்சிட்டு எந்திரி, மொதல்ல இதைக் குடி.”